பி நகலா, ஜே நகலா? சென்னை மேடைக்கு எந்த பேஸ் கிடார்?

பேஸ் கிடார் வாங்கக் கிளம்புகிற எவரும் சீக்கிரமே ஃபெண்டர் நிறுவனத்தின் இந்த இரண்டு மாடல்களின் முன்னால் வந்து நிற்பார்கள்: பிரிசிஷன், ஜாஸ். சுருக்கமாக பி, ஜே. அமெரிக்காவில் செய்த ஃபெண்டர் லட்சத்தைத் தாண்டிவிடுவதால், நம்மில் பெரும்பாலானோருக்கு இது நகல்களுக்கு இடையிலான போட்டிதான். கடையில் இரண்டையும் மாற்றி மாற்றி மடியில் வைத்துப் பார்த்தால் ஜே மனதை இழுக்கும். கழுத்து மெலிசு, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் இரண்டு, உடம்பும் ஒயிலாகச் சாய்ந்திருக்கும். ஆனால் லைட் மியூசிக் ட்ரூப்பிலோ சர்ச்சிலோ வாசிக்கப்போகும் சென்னைக்காரர் என்னைக் கேட்டால், பி நகலை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஜே ஜெயிக்கிற இடங்களும் உண்டு. அவற்றையும் சொல்கிறேன்.

பிரிசிஷன் வந்தது 1951இல். இரண்டு துண்டாகப் பிரிந்த இன்றைய பிக்கப் அதில் ஏறியது 1957இல். ஜாஸ் 1960இல் வந்தது. கம்பி நீளம் இரண்டிலும் 34 அங்குலம்தான். பி-யின் பிக்கப்பில் ஒரு துண்டு இரண்டு தடித்த கம்பிகளுக்கு, இன்னொன்று இரண்டு மெல்லிய கம்பிகளுக்கு. இரண்டு சுருளும் எதிரெதிராகத் தொடரில் இணைந்திருக்கும். ஜே-யில் கழுத்துப் பக்கம் ஒன்று, உடம்பில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் ஒன்று என நீளமான ஒற்றைச் சுருள் பிக்கப்புகள், ஒவ்வொன்றுக்கும் தனி வால்யூம். மற்ற வித்தியாசங்களில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

கல்யாண மண்டபத்து ஹம்

ஒற்றைச் சுருள் பிக்கப் கம்பியின் அதிர்வோடு நிற்காது, சுற்றியிருக்கும் மின்காந்தப் புலத்தையும் சேர்த்துப் பிடிக்கும். அப்படி வரும் ரீங்காரம்தான் ஹம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸின் ஈ கம்பியில், கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளில் மூன்றாவதில் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். ஆக, ஹம் வந்து உட்காருவது நாம் வாசிக்கிற சுரத்துக்கு ஒட்டினாற்போல. அந்த ஜி-யை நீட்டிப் பிடித்தால் ஹம்மும் சுரமும் மோதிக்கொண்டு, நொடிக்கு ஒரு முறை ஒலி ஏறி இறங்கும். ட்யூனிங் போய்விட்டதோ என்று வாசிக்கிறவருக்கே சந்தேகம் வரும்.

மண்டபத்து மேடையில் என்னவெல்லாம் இருக்கும்? பின்னால் சீரியல் செட், டிம்மரில் ஓடும் விளக்குகள், பக்கவாட்டில் ஜெனரேட்டர் லைன், எர்த் சரியில்லாத பிளக் பாயின்ட். ஜே-யின் இரண்டு வால்யூமையும் முழுதாகத் திறந்து வைத்தால் ஒரு பிக்கப்பின் ஹம்மை இன்னொன்று அடித்துவிடும். இப்போது வரும் ஜோடிகள் பெரும்பாலும் அப்படித்தான் சுற்றப்படுகின்றன. ஒரு பக்கத்தைக் கொஞ்சம் குறைத்தாலே ஹம் எட்டிப் பார்க்கும். ஒரே பிக்கப்பில் வாசித்தால் முழுசாக வந்துவிடும். பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் திறந்து, மூக்கால் பாடுகிற அந்த ஒலியை எடுக்கலாம் என்றுதான் பலரும் ஜே வாங்குகிறோம். சரியாக அந்த இடத்தில்தான் அது காலை வாரும். பாடகர் சரணத்துக்கு மூச்சு வாங்கும் அரை நிமிஷ அமைதியில் ஸ்பீக்கரில் ‘ங்ங்’ என்று ஓடிக்கொண்டிருந்தால் மிக்சரில் உட்கார்ந்திருப்பவர் முதலில் இறக்குவது பேஸ் சேனலைத்தான். பி-யில் இந்தத் தொல்லை இல்லை. குமிழ் எங்கே இருந்தாலும் ஹம் தானாகவே அடிபட்டுப் போகும்.

காப்பர் டேப் ஒட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். அதில் பாதிதான் உண்மை. பிக்கப் குழியிலும், குமிழுக்கு அடியில் இருக்கும் பாகமான பாட் குழியிலும் டேப் ஒட்டி எர்த் கொடுத்தால் கிரகிரவென்ற இரைச்சலில் ஒரு பகுதி குறையும். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்றால் வருகிற ஹம் காந்தப் புலத்தால் வருவது. அதை டேப் தடுக்காது. அதற்கு ஜே அளவிலேயே உள்ளே சுருள் அடுக்கிச் செய்த, ஹம்மை அடித்துவிடும் ஹம்பக்கர் பிக்கப் ஜோடி வாங்க வேண்டும். நல்ல ஜோடி என்றால் நகலின் விலையில் பாதியைத் தொட்டுவிடும். ஜே-யின் உண்மையான விலையில் இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

வேர்வை, உப்புக் காற்று, கம்பி

ஜே-யின் அழகில் பெரும்பங்கு அதன் பளிச்சென்ற மேல் ஒலியில் இருக்கிறது. அது வேண்டுமானால் உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்ஸ் போட வேண்டும், அதுவும் புதுசாக இருக்க வேண்டும். ரவுண்ட்ஸில் சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே பள்ளம் இருக்கும். மே மாதத்தில் ஏசி இல்லாத ரிகர்சல் அறையில் வாசித்தால் வேர்வையும் அழுக்கும் அந்தப் பள்ளத்தில் இறங்கிக் கம்பி மந்தமாகிவிடும். பெசன்ட் நகர், திருவான்மியூர், சாந்தோம் பக்கம் வீடு என்றால் மிச்ச வேலையை உப்புக் காற்று முடித்துவிடும்.

ஃப்ளாட்ஸ் என்ற இன்னொரு வகைக் கம்பியில் சுற்றியிருப்பது தட்டையான பட்டை. விரலுக்கு வழவழவென்று இருக்கும், அழுக்கு இறங்க இடம் குறைவு, நகரும்போது கீச்சென்ற சத்தமும் வராது. ஒரு செட்டின் விலை ரவுண்ட்ஸைவிட மிகவும் அதிகம். ஆனால் அது வருஷக்கணக்கில் உழைக்கும், பழசாக ஆக ஒலி இன்னும் இனிக்கும். அமெரிக்க இசை நிறுவனமான மோடவுனின் பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் 1962 பிரிசிஷனில் இருந்தவை லா பெல்லா ஃப்ளாட்ஸ். அறுந்தால் ஒழிய அவர் கம்பியை மாற்றமாட்டார் என்பது பேஸ்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஃப்ளாட்ஸை ஜே-யிலும் போடலாம், நன்றாகவே இருக்கும். ஆனால் ஜே-யை எதற்காக வாங்கினோமோ அதில் பாதி போய்விடும். பி-யில் எதுவும் போகாது.

மேடையில் எது காதில் விழும்

வீட்டில் தனியாக வாசிக்கும்போது ஜே ஜெயிக்கும். இரண்டு பிக்கப்பும் திறந்திருக்க, நடு ஒலி கொஞ்சம் பள்ளமாகி, கீழும் மேலும் விரிந்து சொகுசாகக் கேட்கும். ட்ரூப்பில் நிலைமை வேறு. கீபோர்டு இரண்டு, தபலா, டோலக், ரிதம் பேட். கீபோர்டுக்காரரின் இடது கை ஏற்கெனவே கீழ்ப் பகுதியை அடைத்து வைத்திருக்கும். அந்த நெரிசலில் பேஸ் தெளிவாகக் கேட்க வேண்டுமானால் கீழ்நடு ஒலியில் அழுத்தம் வேண்டும். பி பிக்கப்பின் பலமே அங்குதான். அதே வால்யூமில் ஜே முழுகிவிடும், பி நிற்கும்.

அப்புறம், நம் காது எதைக் கேட்டு வளர்ந்தது என்பதும் முக்கியம். எண்பதுகளின் இளையராஜா பாடல்களில் பேஸ் அழுத்திக்கொண்டு சும்மா நிற்பதில்லை. பல்லவிக்குக் கீழே இன்னொரு மெட்டாகவே நடக்கும். சசிதரன் வாசித்த அந்த வரிகளை வாசிக்கத்தான் இங்கே பலர் பேஸையே கையில் எடுக்கிறோம். அந்த ஒலியின் இலக்கணம் இது: சுரம் குண்டாகத் தொடங்கி, சீக்கிரம் அடங்கி, அடுத்த சுரத்துக்கு வழிவிடும். நீண்டு கார்வை கொடுக்கிற பேஸில் அவ்வளவு வேகமாக நடந்தால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும்.

பி நகலில் இதற்குச் செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சின் மென்மையான மஞ்சள் பகுதியை இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கி, பிரிட்ஜுக்குச் சற்று முன்னால் கம்பிகளுக்கு அடியில் செருகுங்கள். கம்பியை லேசாகத் தொட்டால் போதும். மேலே தள்ளினால் சுரம் செத்துவிடும். டோன் குமிழைப் பாதிக்கு இறக்கி, நகம் படாமல் விரலின் சதையால் பிக்கப்புக்கு நேர் மேலே மீட்டுங்கள். ஜேமர்சனும் பிரிட்ஜ் மூடிக்குள் ஃபோம் வைத்துத்தான் வாசித்தார். எனக்கு உலகத்திலேயே பிடித்த பேஸ் ஒலி இதுதான்.

ஜே ஜெயிக்கும் இடம்

கட்டைவிரலால் கம்பியைத் தட்டி வாசிக்கிற ஸ்லாப் வாசிக்க வேண்டுமானால் யோசிக்கவே வேண்டாம், ஜே. அமெரிக்க பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லரின் 1977 ஜாஸ் பேஸ் ஒலியைத் துரத்துகிறவருக்கு பி சரிப்படாது. மூவர், நால்வர் சேர்ந்த ஃப்யூஷன் குழுவில் நடு ஒலிக்கு நெரிசல் கிடையாது, அங்கே ஜே-யின் விரிவு அழகாக உட்காரும்.

இன்னொன்று ஃப்ரெட்லெஸ், அதாவது ஃப்ரெட் இல்லாத பேஸ். அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் 1962 ஜாஸ் பேஸின் ஃப்ரெட்களைப் பிடுங்கி, கோடுகளை நிரப்பி, விரல் பலகை மேல் படகுக்குப் பூசும் எபாக்ஸி பூசினார். கர்நாடக இசை பழகியவர் கையில் ஃப்ரெட்லெஸ் கிடைத்தால் அது வேறு உலகம். கமகத்துக்கு ஃப்ரெட் குறுக்கே நிற்காது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும் ஜாரு நினைத்தபடி வரும். இந்த வேலைக்கு நகலைவிடச் சிறந்தது இல்லை, ஏனென்றால் அசலில் கத்தி வைக்க யாருக்கும் மனசு வராது. சால்டரிங் அயர்னால் ஃப்ரெட்டைச் சூடாக்கி, வாய் தட்டையாகத் தேய்த்த கட்டிங் பிளேயரால் ஓரத்திலிருந்து மெல்ல நகர்த்தி எடுத்தால் ரோஸ்வுட் பெயராது. கோடுகளை மெல்லிய மரச் சீவலால் நிரப்பித் தேய்க்க வேண்டும். எபாக்ஸி பூசவில்லை என்றால் ஃப்ளாட்ஸ் மட்டும் போடுங்கள். ரவுண்ட்ஸ் பலகையை அரித்துவிடும். இதற்கு ஜே-தான், பிரிட்ஜ் பிக்கப் அந்த வழுக்கலை அப்படியே எடுத்துக் கொடுக்கும். சபாவிலோ ஸ்டூடியோவிலோ ஹம் தொல்லையும் குறைவு.

பி-ஜே என்று இரண்டையும் கலந்து ஒரு வகை வருகிறது. பி-யாக மட்டும் பயன்படுத்தினால் நல்ல கிடார்தான். ஸ்டிங்ரே என்ற வேறொரு பேஸின், பேட்டரியில் ஓடும் நகல்கள் சத்தமும் பளபளப்புமாக இருக்கும், ஆனால் பாட்டுக்கு நடுவில் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்தால் பேஸே போய்விடும். எனக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை.

எந்த நகல், எந்த மாற்றம் முதலில்

ஜப்பானியத் தொழிற்சாலைகள் எழுபதுகளில் செய்த நகல்கள் அசலுக்கே சவால் விட்டன. 1977இல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஐபனெஸின் அமெரிக்க விநியோகஸ்தர் மேல் வழக்குப் போட்டது, தலைப் பகுதியின் வடிவத்துக்காக. ஃபெண்டர் வேறு வழி பிடித்தது: 1982இல் ஜப்பானில் ஸ்க்வயர் என்ற பெயரில் தன் நகலைத் தானே செய்ய ஆரம்பித்தது. 2009இல் ஃபெண்டர் உடல் வடிவங்களுக்கு வணிகக்குறி உரிமை கிடையாது என்று அமெரிக்க வணிகக்குறி வாரியம் சொல்லிவிட்டது. அதனால்தான் உடம்பு அச்சு அசலாக இருக்கும், தலை மட்டும் மாறியிருக்கும். தன் சொந்தப் பெயரோடு வரும் நகல் நேர்மையான பொருள். வேறு கிடாரில் ஃபெண்டர் ஸ்டிக்கர் ஒட்டி விற்பது போலி, அதைத் தொடாதீர்கள்.

அண்ணா சாலையில் இருக்கும், 1842இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் மாதிரி, கையில் எடுத்து வாசிக்கவிடும் கடைக்குப் போங்கள். கழுத்துதான் முக்கியம், மற்ற எல்லாவற்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். மாற்றம் என்று வரும்போதும் பி-க்கு ஒரு சௌகரியம்: அதன் பிக்கப் அநேகமாக எல்லா நகலிலும் ஒரே அளவு. ஜே-யில் பிரிட்ஜ் பிக்கப் கழுத்துப் பிக்கப்பைவிடக் கொஞ்சம் நீளம், சில நகல்களில் மட்டும் இரண்டும் ஒரே நீளம். அளக்காமல் வாங்கினால் குழியில் இறங்காது.

ஆனால் பிக்கப் கடைசி. முதலில் செட்டப். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒருசேர அழுத்திக்கொண்டு ஏழாவது ஃப்ரெட்டில் பாருங்கள். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி இருந்தால் சரி. ஃப்ளாட்ஸ் பெரும்பாலும் இழுவிசை அதிகம், கழுத்து வளையும். கழுத்துக்குள் அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பியான டிரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டாம். ஐப்பசி மழைக் காலத்தில் கழுத்து மறுபடி நகரும், மறுபடி பார்க்க வேண்டும். அடுத்து ஜாக், பாட், கெபாசிட்டர். இவற்றுக்கு எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போதும். 0.047 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரின் மேல் 473 என்று அச்சிட்டிருக்கும், சில ரூபாய்தான். பாட் 250 கே (கிலோ ஓம்), லாக் (லாகரிதமிக்) வகை. லீனியர் போட்டால் குமிழின் ஒரு மூலையில் மட்டும்தான் மாற்றம் தெரியும். புது பாட்-இன் திருகுக் கழுத்து தடியாக இருந்தால் துளையைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டியிருக்கும். இவ்வளவும் செய்த பிறகும் ஒலி திருப்தி தரவில்லை என்றால் மட்டும் பிக்கப் பக்கம் போங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதானால் பார்க்கப் போகும்போது ஆலன் கீ செட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டிரஸ் ராடில் இறுக்க இன்னும் இடம் இருக்கிறதா என்று விற்பவரைக் கேட்டுக்கொண்டு திருப்பிப் பாருங்கள். பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சேடில்களின் உயரத் திருகுகளையும் ஒவ்வொன்றாகத் திருப்புங்கள். கடற்கரைப் பக்கத்து வீட்டில் இருந்த கிடார் என்றால் அவை துருப்பிடித்து இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். சுழலவில்லையென்றால் ஒரு புது பிரிட்ஜின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.