தி மெக்கானிக்கல் ஹேண்ட்: ஆண்டுக்கணக்கில் கேட்டும் வாசித்தும் பார்த்தபின்

ஹார்ஸ் தி பேண்ட் என்ற இசைக்குழுவினர் கலிபோர்னியாவின் ஆரஞ்ச் கவுண்டிக்காரர்கள். அவர்களின் ‘தி மெக்கானிக்கல் ஹேண்ட்’ ஆல்பம் 2005-இல் வந்தது. ஹார்ட்கோர் (பங்க் இசையின் கடுமையான வகை) குழுவுக்கு வேண்டிய கிட்டார், பேஸ், டிரம்ஸ், அலறல் எல்லாம் இருக்கும். அவற்றுக்குச் சரிசமமாக ஒரு கீபோர்டும் நிற்கும், பழைய நின்டெண்டோ பெட்டியின் குரலில். ‘நின்டெண்டோகோர்’ என்ற பெயர் இவர்களோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தப் பெயரை நம்பி இந்த ஆல்பத்துக்குள் நுழைந்தால் ஏமாற்றம்தான். கேம் இசை தேடி வந்தவருக்கு இது வெறும் இரைச்சல், மெட்டல் தேடி வந்தவருக்குப் பொம்மைச் சத்தம். இரண்டையும் தனித்தனியாகக் கேட்பதை விட்டபிறகுதான் ஆல்பம் திறக்கும்.

முதலில் கேட்கும் கருவியைப் பற்றி. போன் ஸ்பீக்கரில் இந்த ஆல்பத்தைக் கேட்டு முடிவு சொல்லாதீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றுமே வராது. கிட்டாரின் கனமும் பேஸும் கிக் டிரம்மின் அடியும் அங்கேதான் இருக்கின்றன. அவை போய்விட்டால் மிஞ்சுவது கீபோர்டும் அலறலும் மட்டும். “கேமுக்கு மேலே யாரோ கத்துகிறார்கள்” என்று பலர் சொல்வது இந்தப் பாதி ஒலியைக் கேட்டுவிட்டுத்தான். காதை மூடும் சாதாரண ஹெட்போன் போதும், விலை உயர்ந்தது வேண்டாம். பேஸ் பூஸ்டை அணைத்துவிடுங்கள். அது கிட்டாரையும் பேஸையும் ஒரே கூழாக்கிவிடும்.

கோப்பின் தரமும் இங்கே வழக்கத்தைவிட அதிகமாக உதைக்கும். 128 கேபிபிஎஸ் எம்பி3-இல் சிம்பல் ஒலி தண்ணீருக்குள் சுழல்வதுபோல் ஆகிவிடும். சதுர அலையின் (பழைய கேம் பெட்டிகளின் அந்தக் கூரான ஒலி) மேல்சுரங்கள், டிஸ்டார்ஷன் (கிட்டாரை வேண்டுமென்றே கரகரக்க வைப்பது), சிம்பல் மூன்றும் ஒரே நேரத்தில் பிட்டுகளுக்கு அடித்துக்கொள்வதுதான் காரணம். சிடியிலிருந்து ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கும் வடிவம்) கோப்பாக எடுத்துக்கொள்வது உத்தமம், இல்லாவிட்டால் 256-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். இத்தனை காலத்துக்குப் பிறகும் இந்த ஆல்பம் சலிக்காததற்கு ஒரு காரணம் உண்டு, அது வேடிக்கையோ பழைய நினைவோ அல்ல. டிஸ்டார்ஷன் போட்ட கிட்டாரால் செய்ய முடியாத வேலையைக் கீபோர்டு செய்கிறது. ஹார்ட்கோர் கிட்டார் பெரும்பாலும் பவர் கார்டு என்ற சுரக்கூட்டில் ஓடும். நம் வழக்கில் சொன்னால் ச, ப, மேல் ச. காந்தாரம் கிடையாது. இது சோம்பலால் விட்டதல்ல. டிஸ்டார்ஷன் இரண்டு சுரங்களை உள்ளே வாங்கினால் அவற்றின் வித்தியாசத்தையும் ஒரு புதுச் சுரமாக வெளியே தள்ளும். 130.8 ஹெர்ட்ஸ் ‘சி’யும் 196 ஹெர்ட்ஸ் ‘ஜி’யும் சேர்ந்தால் வித்தியாசம் 65.2. அது கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி கீழே இருக்கும் அதே ‘சி’ (65.4). அதனால் ஒலி இன்னும் கனக்கிறது. அதே ‘சி’யோடு 164.8 ஹெர்ட்ஸ் ‘ஈ’யைச் சேர்த்துப் பாருங்கள், வித்தியாசம் 34. அது ‘சி’யும் (32.7) இல்லை, அடுத்த சுரமும் (34.6) இல்லை, நடுவில் தொங்கும் ஒரு முனகல். காந்தாரத்தைக் கிட்டாரில் வைத்தால் சேறாவது இதனால்தான்.

அந்தக் காந்தாரத்தைக் கீபோர்டுக்குக் கொடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. டிஸ்டார்ஷனுக்கு வெளியே, தனி வழியில் வருவதால் அது கிட்டாரோடு கலந்து கெடாது. கீழே நிறமில்லாத ச-ப. அது சோகமா உற்சாகமா என்பதை மேலே ஓடும் சதுர அலை ஒற்றை ஆளாகத் தீர்மானிக்கிறது. ஆல்பத்தை இந்தக் காதோடு ஒருமுறை கேளுங்கள். ‘பேர்டோ’விலிருந்து தொடங்குவது நல்லது (சூப்பர் மரியோ பிரதர்ஸ் 2-இல் முட்டை துப்பும் அந்தப் பாத்திரத்தின் பெயர்தான்). தயாரிப்பாளர் மாட் பேலிஸ். கனமான கிட்டாரைக் கூழாக்காமல் பதிவு செய்யத் தெரிந்தவர், அது இங்கே நன்றாகவே உதவியிருக்கிறது. ஆனாலும் எல்லாரும் ஒன்றாக அடித்து நொறுக்கும் சில இடங்களில் கீபோர்டு அமுங்கிப்போகிறது. வரிகளைக் காதால் மட்டும் பிடிக்க முடியாது, எழுத்தில் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒலியைத் தங்கள் குழுவில் கொண்டுவர முயல்பவர்கள் செய்யும் முதல் தவறு, கீபோர்டுக்குமேல் பிட்கிரஷர் (பிட்டுகளைக் குறைத்து ஒலியைக் கரகரப்பாக்கும் மென்பொருள்) பிளகினைப் போடுவது. நின்டெண்டோ ஒலியின் அடையாளம் அலையின் வடிவத்திலும் சுரங்களை எழுதும் முறையிலும் இருக்கிறது, பிட்டுகளின் குறைவில் இல்லை. பிட்கிரஷர் தரும் கரகரப்பு கிட்டாரின் கரகரப்போடு போய் ஒட்டிக்கொள்ளும், இரண்டும் மங்கும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒரே ஆசிலேட்டர் (ஒலி அலையை உருவாக்கும் பகுதி), சதுர அலை, பல்ஸ் அகலம் (ஒரு சுற்றில் அலை மேலே நிற்கும் பங்கு) 12.5, 25 அல்லது 50 சதவீதம். ஃபில்டர் முழுக்கத் திறந்திருக்கட்டும். அட்டாக் (சுரம் முழு ஒலிக்கு எழும் நேரம்) பூஜ்யம். மோனோ, அதாவது ஒரு நேரத்தில் ஒரே சுரம். போர்ட்டமென்டோ (சுரத்துக்குச் சுரம் வழுக்குவது) கூடாது. ரிவெர்ப் (அறை முழங்குவதுபோன்ற ஒலி) கூடவே கூடாது. எதிரொலி வேண்டுமானால் பழைய கேம் இசைக்காரர்கள் செய்ததுபோல் அதே மெட்டை இன்னொரு சேனலில் சற்றுத் தாமதமாக, மூன்றில் ஒரு பங்கு ஒலியளவில் ஓடவிடுங்கள். அசைவை (வைப்ரட்டோ) சுரத்தின் தொடக்கத்திலேயே கொடுக்காமல் கால் வினாடி கழித்துக் கொடுத்தால் உயிர் வரும்.

பல்ஸ் அகலத்தில் கவனம் தேவை. 50 சதவீதம் தடிமனாக, கிட்டாரின் நடுப்பகுதியில் போய் உட்காரும். கிட்டார் ஓயும் இடத்துக்கு அது பொருந்தும். கிட்டார் முழு வேகத்தில் இருக்கும்போது 12.5-தான் மெல்லிய கத்தி மாதிரி வெளியே வரும். மிக்ஸிங்கில் மீட்டரை நம்ப வேண்டாம். உச்சம் ஒன்றாகவே காட்டினாலும் 50 சதவீதச் சதுர அலைக்கு சைன் அலையைவிட 3 டெசிபெல் அதிக ஆற்றல் உண்டு. ஃபேடரை இறக்கி வைத்து, காதால் ஏற்றிக்கொண்டு வாருங்கள். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் பேஸுக்கு இடம் கிடைக்கும்.

மேடையில் கீபோர்டைக் கிட்டார் ஆம்ப்பில் சொருகுவது இரண்டாவது தவறு. கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும். சதுர அலையின் கூர்மையில் பெரும்பங்கு அதற்கு மேலேதான். டிஐ பாக்ஸ் (கருவியை மிக்சரோடு இணைக்கும் சின்னப் பெட்டி) வழியாக நேராக மிக்சருக்குக் கொண்டுபோங்கள்.

சுருதிச் சண்டை வேறு இருக்கிறது. கீபோர்டின் சுருதி ஆணி அடித்தாற்போல் நிற்கும். கிட்டாரைத் தாழ்த்தி டிராப் சி-யில் (தடித்த கம்பி ‘சி’ வரை இறங்கும் சுருதி) வைத்து, 10-46 என்ற மெல்லிய கம்பிகளையே விட்டுவைத்தால், ஓங்கி அடிக்கும் கணத்தில் தளர்ந்த கம்பியின் சுருதி சற்று ஏறி, பிறகு இறங்கும். தனியாகக் கேட்டால் தெரியாது. கீபோர்டு சேர்ந்தவுடன் அலையடிப்பு கேட்கும், பழி கீபோர்டுமேல் விழும். 11-54 அளவுத் தடித்த கம்பி போட்டு, வாசிக்கும் அதே வேகத்தில் அடித்தபடி ட்யூன் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நிஜ கேம்பாயைக் கொண்டே செய்ய விரும்புபவர்களுக்கு: 1989-இன் முதல் மாடலும், கேம்பாயிலேயே இசை எழுத உதவும் எல்எஸ்டிஜே மென்பொருளும் இன்றும் சரியான இணை. இரண்டு பல்ஸ், ஒரு வேவ், ஒரு நாய்ஸ் என நான்கு சேனல்கள். முக்கியமான எல்லை ஒன்று இருக்கிறது. பல்ஸ் சேனல் 64 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது. டிராப் சி-யின் தடித்த கம்பி 65.4 ஹெர்ட்ஸ், மயிரிழையில் உள்ளே வருகிறது. டிராப் பி (61.7) போனால் அந்தச் சுரம் பல்ஸில் கிடையாது. அங்கே வேவ் சேனல்தான் கதி, அது 32 வரை இறங்கும். மேல் ஸ்தாயியிலும் பிரச்சினை உண்டு. அதிர்வெண்ணைப் படிப்படியாகத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்பதால், மேலே போகப்போகப் படிகள் பெரிதாகிச் சுருதி விலகும். மிக உயரத்தில் நீண்ட சுரம் வைக்காமல் வேகமாக ஓடும் பிடியாக எழுதினால் காது மன்னித்துவிடும்.

முன்னர் சொன்ன காந்தாரத்துக்கு எல்எஸ்டிஜேயில் ‘சி’ கட்டளை இருக்கிறது (சுரத்தின் பெயர் அல்ல, கார்டு என்பதன் முதலெழுத்து). சி37 என்றால் மைனர் (சோகச் சாயல்), சி47 என்றால் மேஜர் (உற்சாகச் சாயல்), ஒரே சேனலில் மூன்று சுரங்களும் படபடவென்று மாறி மாறி ஓடும். கிட்டார் ச-ப பிடித்திருக்கும்போது இதை மேலே வைத்துப் பாருங்கள். ஆல்பத்தின் ரகசியம் கைக்கு வந்துவிடும்.

டிரம்மர் கேம்பாயைப் பின்தொடர வேண்டுமே தவிர, கேம்பாய் டிரம்மரைப் பின்தொடராது. ஹெட்போன் வெளியீடு ஸ்டீரியோ என்பதால் ‘ஓ’ கட்டளையால் நாய்ஸ் சேனலை வலப்பக்கம் மட்டும் தள்ளி அதை டிரம்மர் காதுக்கு மெட்ரோனோமாக அனுப்பலாம். மெட்டு இடப்பக்கத்தில் மிக்சருக்குப் போகட்டும். டெம்போ மாறும் இடங்களில் ‘டி’ கட்டளை எழுதிவைத்தால் இரண்டும் சேர்ந்தே மாறும். கணினியில் பதிவு செய்யும்போது திரையில் தெரியும் டெம்போ எண்ணை நம்பி கிரிட் (தாளக் கட்டம்) போட்டால் பாட்டின் கடைசிக்குள் விலகிவிடும். முதலில் கேம்பாயை முழுவதும் பதிந்துகொண்டு, மற்றவர்கள் அதன்மேல் வாசிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

மின்சாரத்துக்கு நான்கு ஏஏ பேட்டரி போடுங்கள். மலிவு அடாப்டர் ‘ம்ம்ம்’ என்று இரையும், அந்த இரைச்சலை ஹார்ட்கோர் ஒலியளவுக்குப் பெருக்கினால் தாங்காது. கார்ட்ரிட்ஜ் உள்ளே சேமிப்பைக் காக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்தால் எழுதிய பாட்டெல்லாம் எச்சரிக்கையின்றிப் போய்விடும். பழைய கார்ட்ரிட்ஜ் வாங்கினால் பேட்டரியை மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மாற்றும்போது பழையது அழியும் என்பதால் சேவ் கோப்பைக் கணினியில் முதலில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.