ஒற்றை ஆள் நடத்தும் மாஸ்டடான் சர்வரில் கணக்குத் தொடங்கும் முன்

2022 அக்டோபர் இறுதியில் ட்விட்டர் இலான் மஸ்க்கின் கைக்குப் போனதும் அங்கிருந்து கிளம்பியவர்களில் நானும் ஒருவன். போய்ச் சேர்ந்தது மாஸ்டடானில். அதுவும் ட்விட்டரைப் போன்ற சமூக வலைத்தளம்தான், ஆனால் பலரும் தனித்தனியே நடத்தும் சர்வர்கள் ஒன்றோடொன்று இணைந்து உருவானது. அதில் முதலில் ஒரு சர்வரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்றார்கள். எந்தச் சர்வரில் இருந்தாலும் எல்லோரோடும் பேசலாம் என்றும் சொன்னார்கள். இரண்டாவதை நம்பி, முதலாவதில் அசட்டையாக இருந்துவிட்டேன். மூன்று சர்வர்களை ஒப்பிட்டது உண்மைதான். ஆனால் நான் பார்த்ததெல்லாம் பெயரின் அழகும், ஒரு பதிவில் எத்தனை எழுத்து எழுதலாம் என்பதும் மட்டுமே. மற்ற இரண்டிலும் வழக்கமான 500, நான் சேர்ந்த, ஒற்றை ஆள் நடத்திய சர்வரில் 5,000. பறவைக் குறிப்புகளை நீட்டி எழுதும் எனக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

தினமும் காப்புப் பிரதி எடுக்கப்படும், அவசரத்துக்கு இன்னொருவரிடமும் நிர்வாக அனுமதி உண்டு, மூடுவதானால் 3 மாதம் முன்னதாகவே அறிவிப்போம் என்று அந்தச் சர்வரின் அறிமுகப் பக்கம் சொன்னது. இவை மாஸ்டடானின் சர்வர் உடன்படிக்கையில் உள்ள விதிகள். அதை ஏற்றுக்கொண்ட சர்வர்களின் பட்டியல் மாஸ்டடானின் தளத்திலேயே இருக்கிறது. அதில் இந்தச் சர்வரின் பெயர் இல்லை என்பதை, இரண்டு முறை ஆண்டு நன்கொடையாக 1,200 ரூபாய் அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். அந்த 'இன்னொருவர்' யார் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

2024 பிப்ரவரியில், யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கலாம் என்று கதவைத் திறந்தே வைத்திருந்த சிறு சர்வர்கள் வழியாகக் குப்பைப் பதிவுகள் அலையலையாக வந்தன. எங்கள் நிர்வாகி எதையும் அகற்றவில்லை. புகார்களுக்குப் பதிலும் இல்லை. வேறு சர்வர்கள் எங்கள் சர்வரையே மொத்தமாகத் தடை செய்தன. "ஏன் பேசுவதே இல்லை?" என்று நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டபோதுதான், சில வாரங்களாக நான் எழுதிய பதில் எதுவும் அவரை எட்டவில்லை என்று புரிந்தது. அப்படித் தடை விழுந்தால் இரு பக்கமும் பின்தொடர்பவர்கள் அறுந்துபோவார்கள். எனக்கு அவ்வாறு போனவர்கள் நூற்றுக்கும் மேல். அப்போதே வெளியேறியிருக்க வேண்டும். நன்கொடை கொடுத்த இடம் என்ற பாசம் விடவில்லை.

பிறகு படங்கள் திறக்காமல் போயின. ஒரு காலையில் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதாக உலாவி எச்சரித்தது. மறுவாரம் சர்வரே இல்லை. நிர்வாகியின் கடைசிப் பதிவு ஐந்து மாதம் பழையது.

கணக்கை வேறு சர்வருக்கு மாற்றும் வசதி மாஸ்டடானில் உண்டு என்பதால் நான் பெரிதாகக் கலங்கவில்லை. அங்கேதான் ஏமாந்தேன். "இவர் இன்ன இடத்துக்குப் போய்விட்டார்" என்ற செய்தியைப் பின்தொடர்பவர்களுக்கு அனுப்ப வேண்டியது பழைய சர்வர். அது உயிரோடு இருந்தால்தான் மாற்றம் நடக்கும். அப்படி நடந்தாலும் வருவது பின்தொடர்பவர்கள் மட்டுமே, பழைய பதிவுகள் வருவதில்லை. நாம் யாரைப் பின்தொடர்கிறோம், யாரைத் தடுத்திருக்கிறோம் என்ற பட்டியல்களை அமைப்புகள் பக்கத்திலிருந்து சிறு கோப்புகளாக இறக்கிப் புதிய இடத்தில் ஏற்றிக்கொள்ளலாம். பதிவுகளின் தொகுப்பை 7 நாளைக்கு ஒரு முறை கேட்டு வாங்கலாம், அதை நம் கணினியில் வைத்துக்கொள்ளலாமே தவிர வேறு சர்வரில் ஏற்ற முடியாது. இவற்றில் எதையும் நான் ஒரு முறைகூடச் செய்திருக்கவில்லை.

இந்த முறை சர்வர் தேடியபோது எழுத்து எண்ணிக்கையை நான் பார்க்கவே இல்லை. நிர்வாகிகள் எத்தனை பேர், கடைசியாக எப்போது எழுதினார்கள், வரவு செலவைக் காட்டுகிறார்களா, எந்தெந்தச் சர்வர்களை என்ன காரணம் சொல்லித் தடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். முகவரியின் கடைசி எழுத்துகளையும் பார்த்தேன், ஏனென்றால் 2024 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தானின் 'ஏஎஃப்' முகவரியில் இயங்கிய ஒரு சர்வரின் பெயரை அந்நாட்டு அரசு முடக்கியபோது, அங்கிருந்தவர்களும் என்னைப் போலவே நடுத்தெருவில் நின்றார்கள்.

என் பழைய பதிவுகள் சில, பிற சர்வர்களில் நகலாக இன்னும் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றில், நான் மீன்கொத்தி என்று தவறாகப் பெயரிட்ட பனங்காடை ஒன்று இருக்கிறது. நீக்கும் கட்டளையும் பழைய சர்வரிலிருந்துதான் போக வேண்டும் என்பதால், அதை என்னால் திருத்தவும் முடியவில்லை, அழிக்கவும் முடியவில்லை.