வால்வு ஆம்ப்ளிஃபயரின் மின்னேற்றத்தை இறக்குதல்: நான்கு வழிகளின் ஒப்பீடு

வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்ட பிறகும், அதன் மின்வழங்கியிலுள்ள மின்தேக்கிகளில் உயரழுத்த மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் என்ற ஆம்ப்ளிஃபயரில் அந்த அழுத்தம் சுமார் 460 வோல்ட். 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியில் 450 வோல்ட் நின்றால் அதன் ஆற்றல் 10 ஜூலைத் தாண்டும். அது ஒரு கையிலிருந்து மறு கைக்கு நெஞ்சின் வழியே பாய்ந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். அதை இறக்குவதற்கு வழக்கத்திலுள்ள வழிகளைப் பலரும் வேகத்தை வைத்தே எடைபோடுகிறார்கள். அந்த வழி பலிக்காமல் போனால் அது நமக்குத் தெரியவருமா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

ஸ்க்ரூடிரைவரால் மின்தேக்கியின் முனையை ஷாசியோடு (ஆம்ப்ளிஃபயரின் உலோகச் சட்டகம்) நேரடியாகத் தொடவைப்பது பழைய பழக்கம். பலித்தால் வெடிச் சத்தத்துடன் பொறி பறக்கும், முனை உருகும், மின்தேக்கியின் உள் இணைப்புகளும் சேதமடையக்கூடும். இதைவிடப் பெரிய குறை வேறொன்று. முதல் மின்தேக்கியை ஒரு கணம் தொட்டு எடுத்துவிட்டால், இடையிலுள்ள மின்தடைகளுக்கு அப்பால் நிற்கும் மற்ற மின்தேக்கிகள் அதை மீண்டும் ஏற்றிவிடுகின்றன. பொறியைக் கண்டு வேலை முடிந்தது என்று நினைப்பவரின் விரல் அங்கேதான் போகிறது. இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

வால்வுகளைச் சூடாக வைத்தபடியே உயரழுத்தத்தை மட்டும் துண்டிக்கும் ஸ்டாண்ட்பை சுவிட்சை வாசிக்கும் நிலையிலேயே விட்டுவிட்டு மின்சாரத்தை நிறுத்துவது இரண்டாவது வழி. சூடாக இருக்கும் வால்வுகள் இன்னும் சில நொடிகள் மின்னோட்டத்தைக் கடத்துவதால் மின்னேற்றத்தின் பெரும்பகுதி தானாகவே இறங்கிவிடும். செலவில்லாத நல்ல பழக்கம்தான். ஆனால் வால்வுகள் கழற்றப்பட்டிருந்தாலோ, அவற்றைச் சூடாக்கும் இழை எரியாமல் இருந்தாலோ, ஸ்டாண்ட்பை துண்டித்த நிலையில் நிறுத்தப்பட்டிருந்தாலோ இந்த வழியில் எதுவும் இறங்காது, இறங்கவில்லை என்பதற்கான அடையாளமும் இராது. பழுதுக்கு வரும் ஆம்ப்ளிஃபயர்கள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் வருகின்றன.

மூன்றாவது, மின்தேக்கியின் குறுக்கே நிரந்தரமாக இணைக்கப்பட்டு, மின்னேற்றத்தை மெல்ல வடியவிடும் வடிப்பு மின்தடை. ட்வின் ரிவெர்பின் ஏபி763 எனப்படும் சுற்று வடிவமைப்பில் தொடராக நிற்கும் இரண்டு 70 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகளின் குறுக்கே தலா 220 கிலோ ஓம் மின்தடைகள் உண்டு. அழுத்தத்தைச் சமமாகப் பங்கிடுவதற்கென வைக்கப்பட்ட அவை இந்த வேலையையும் செய்துவிடுகின்றன. அவற்றோடு மூன்று 20 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகளும் இணைந்திருக்கும்போது மொத்தம் 95 மைக்ரோஃபாரட்; அது 440 கிலோ ஓம் வழியாக நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்க ஏறத்தாழ மூன்றரை நிமிடம் பிடிக்கும். காத்திருக்கலாம். ஆனால் பல பத்தாண்டுகள் சூட்டில் கிடந்த மின்தடை ஒன்று அறுந்து போயிருந்தால், வெளிப்பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

நான் தேர்ந்தெடுப்பது நான்காவது வழியை: இரு முனையிலும் காப்பிட்ட க்ளிப் பொருத்திய கம்பி, நடுவில் 10 கிலோ ஓம், 5 வாட் கம்பிச்சுற்று மின்தடை. சிறிய கால் வாட் மின்தடைகள் இந்த அழுத்தத்தைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. முதலில் ஒரு க்ளிப்பை ஷாசியில் மாட்ட வேண்டும். பிறகு ஒரு கையை விலக்கி வைத்துக்கொண்டு மறு கையால் மற்றதை மின்தேக்கியின் நேர்முனையில் மாட்ட வேண்டும். 450 வோல்ட்டில் தொடக்க மின்னோட்டம் 45 மில்லி ஆம்பியர் மட்டுமே. 100 மைக்ரோஃபாரட்டாக இருந்தால் ஐந்து நொடியில் ஏறத்தாழ 3 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். பொறியும் இல்லை, சத்தமும் இல்லை.

சத்தமில்லாததுதான் இதன் குறையும்கூட, ஏனெனில் க்ளிப் சரியாகப் பிடிக்காவிட்டாலும் அதே அமைதிதான். ஆகவே மின்னேற்றத்தை இறக்குவதற்கு முன்பே மல்டிமீட்டரை நேர்மின்னோட்ட உயரழுத்த நிலையில் இணைத்து, எண் நானூறிலிருந்து ஓரிலக்கத்துக்கு விழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். தொடக்கத்திலேயே சுழியம் காட்டும் மீட்டரை நம்பாமல், ஒரு 9 வோல்ட் பேட்டரியில் அதைச் சோதித்துக்கொள்வது நல்லது. ஸ்டாண்ட்பை சுவிட்சின் இருபுறமும், ஒவ்வொரு மின்தேக்கியிலும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

இறக்கிய மின்தேக்கியில் சற்று நேரத்தில் கொஞ்சம் அழுத்தம் மீண்டும் தலைகாட்டுவதுண்டு. மின்கடத்தாப் பொருள் உள்வாங்கி வைத்தது மெல்ல வெளிவருவதே அதற்குக் காரணம். இதற்காகச் சிலர் முதல் 12ஏஎக்ஸ்7 வால்வின் (ஒலிச் சமிக்ஞையை முதலில் பெருக்கும் சிறிய வால்வு) ஒன்றாவது முள்ளை, அதாவது உயரழுத்தம் வந்துசேரும் நேர்முனையை, வெறும் கம்பியால் ஷாசியோடு இணைத்து, வேலை முடியும்வரை அப்படியே விட்டுவைக்கிறார்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் 100 கிலோ ஓம் மின்தடை வழியாக எல்லாம் மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும். கழற்ற மறந்து மின்சாரத்தைப் போட்டால் அந்த அரை வாட் மின்தடை கருகும். எனவே அந்தக் கம்பி சிவப்பு நிறத்திலும், ஷாசிக்கு வெளியே ஒரு சாண் தொங்கும் நீளத்திலும் இருக்கட்டும்.