கிராஃபீன் வாயு சென்சார்: எல்லாப் பருவத்திலும் ஓட்டிப் பார்த்ததில்

வாகனப் புகையில் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடை அளக்க, ஒடுக்கப்பட்ட கிராஃபீன் ஆக்சைடு (ஆக்சிஜனைப் பெரும்பாலும் நீக்கிய கிராஃபீன் ஆக்சைடு) பூசிய சென்சார் ஒன்றைச் சாலையோரக் கம்பத்தில் மாட்டி, வெயில், மழை, பனி எல்லாவற்றிலும் ஓட்டிவிட்டேன். 'எவ்வளவு நுண்ணியமாக உணரும்?' என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். அதில் குறையே சொல்ல முடியாது. சிக்கல் வேறு இடத்தில்: உணர்ந்ததை அது லேசில் விடாது.

கிராஃபீன் ஓரணுத் தடிமனுள்ள கரித்தாள். உட்பகுதி என்று ஒன்று கிடையாது, எல்லா அணுவும் வெளியே. கணக்குப்படி ஒரு கிராமுக்குச் சுமார் 2630 சதுர மீட்டர் பரப்பு. நைட்ரஜன் டை ஆக்சைடு வந்து ஒட்டினால் எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும், மின்தடை இறங்கும். அம்மோனியா வந்தால் ஏறும். ஒற்றை மூலக்கூறு ஒட்டுவதையே பிடிக்க முடியும் என்று மான்செஸ்டர் குழு 2007-இல் காட்டியது. அது ஆய்வகம். சாலையோரக் காற்றில் ஈரமும் ஓசோனும் கூடவே வருகின்றன.

ஒரு லாரி புகைவிட்டுப் போனால் சில நிமிடத்தில் மின்தடை சரிகிறது. பழைய நிலைக்கு ஏறி வரவோ மணிக்கணக்காகும். சிப்பின் அடியில் இருக்கும் ஹீட்டரை 100 டிகிரிக்கு மேல் சற்று நேரம் ஓட்டினால் ஒட்டியது கழன்றுவிடும். புற ஊதா எல்இடியும் இதே வேலையைச் செய்யும். உலோக ஆக்சைடு சென்சார்களை 200 முதல் 400 டிகிரி சூட்டில் வைக்க வேண்டும், இது அறை வெப்பத்திலேயே இயங்கும் என்பதுதான் விளம்பரத்தின் பெரிய வரி. அப்படி மிச்சமாகும் மின்சாரத்தில் ஒரு பங்கை இந்தச் சுத்திகரிப்பே தின்றுவிடுகிறது. இருந்தாலும் சிறிய சோலார் பலகை போதுமானதாகவே இருக்கிறது.

ரீடிங் நிலைப்படும்வரை காத்திருப்பதையும் விட்டுவிட்டேன். சூடாக்கி, ஆறவிட்டு, அதன்பின் மின்தடை எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்பதை மட்டும் எடுக்கிறேன். அந்தச் சரிவு வாயுவின் அளவைப் பின்தொடர்கிறது, பழைய மிச்சம் அதிகம் கலக்காது. இத்தனை நாள் பயன்பாட்டில் எனக்கு உண்மையில் கைகொடுத்தது இந்த ஒரு மாற்றம்தான்.

ஈரப்பதம் தனித் தலைவலி. ஒடுக்கிய பிறகும் தாளில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜன் தொகுதிகள் நீராவியை இழுக்கும். மழை பெய்து சாலையே வெறிச்சோடிக் கிடக்கும்போது வரைபடம் மட்டும் எகிறி நிற்கும்! டெஃப்லான் சவ்வு துளியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. பக்கத்திலேயே வெப்ப, ஈரப்பத சென்சார் வைத்துத் திருத்தம் போடாமல் இதை நம்பக்கூடாது.

ஓசோனும் எலக்ட்ரானைப் பிடுங்குவதுதான். எனவே ஓசோன் கூடும் நண்பகலில் அது நைட்ரஜன் டை ஆக்சைடு வேடம் போடும். காலப்போக்கில் தாளையே அரித்து, அடிப்படை மின்தடையை மேலே தள்ளும். முன்னால் மாங்கனீசு டை ஆக்சைடு வடிகட்டி வைப்பது நல்லது.

ஒரே தொகுப்பில் வந்த இரண்டு சிப்கள்கூட ஒரே மின்தடை காட்டுவதில்லை. பூச்சு காயும்போது கிராஃபீன் செதில்கள் எப்படிப் படிகின்றனவோ அப்படி. ஒவ்வொன்றையும் தனித்தனியே, வேதி ஒளிர்வு முறையில் அளக்கும் தரக் கருவியின் அருகில் வைத்து, அதன் அளவோடு ஒப்பிட்டுக் கேலிப்ரேஷன் செய்தாக வேண்டும். அதையும் அவ்வப்போது மறுபடி செய்ய வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டியில் நைட்ரஜன் டை ஆக்சைடின் 24 மணி நேரச் சராசரிக்கு வரம்பு கன மீட்டருக்கு 25 மைக்ரோகிராம், அதாவது சுமார் 13 பிபிபி (நூறு கோடியில் 13 பங்கு). அந்த அளவில் சென்சாரின் அடிப்படை அளவு தானாக நகர்வதே விடையைப் புரட்டிப் போடலாம். ஆகவே வரம்பு தாண்டியதா இல்லையா என்று இதை வைத்துத் தீர்ப்புச் சொல்லமாட்டேன். எந்த நேரத்தில் புகை கூடுகிறது, சாலையின் எந்தப் பக்கம் மோசம் என்று பார்க்க மட்டும்தான் என்றால் தாராளமாக வாங்கலாம். வாங்குமுன், சிப்பிலேயே ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.