செல்லியின் பல்லும் மட்டரிசிப் பருக்கையும்

போன வாரம் கோவிந்தாபுரத்து நண்பர் அழைத்தார். அவருடைய லாப்ரடார் நாய்க்குட்டிக்கும் கீழ்க்கோரைப்பல் உள்பக்கம் சாய்ந்து மேலண்ணத்தில் குத்துகிறதாம். "உங்க செல்லிக்கு பிளேட் வெச்சீங்களே, எப்படிங்க?" என்றார். போனில் உளறிவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

பல் சரியாகிவிட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் புலம்பல்தான்.

செல்லிக்கு ஏழாம் மாதத்தில், கோவையில் மயக்கம் கொடுத்து, மேல் கோரைப்பற்களுக்கு நடுவே சரிவாக ஒரு அக்ரிலிக் பிளேட் வைத்தார்கள். வாயை மூடும்போதெல்லாம் கீழ்ப்பல் அந்தச் சரிவில் சறுக்கி வெளியே நகரும். நமக்குப் போடும் கம்பிபோல முறுக்குகிற வேலையே இல்லை, நாய் தானே தன் பல்லைத் தள்ளிக்கொள்கிறது. யாருக்கு வந்த யோசனையோ, கும்பிடலாம்.

ஆனால் அந்தப் பிளேட்டைச் சுற்றிச் சோறு ஒட்டும். எங்கள் வீட்டில் மட்டரிசி, பருக்கை ஒவ்வொன்றும் அவ்வளவு பெரிது. ஆறு வாரம், காலையும் இரவும், நான் வாயைப் பிடிக்க, அம்மா ஊசியில்லாத சிரிஞ்சில் குளோர்ஹெக்சிடின் என்கிற கிருமிநாசினியைப் பீய்ச்சுவார். அப்படியும் கொழிஞ்சாம்பாறைச் சந்தை கலைந்த சாயங்கால நாற்றம். "சுத்தமா வெச்சுக்கோங்க" என்றதோடு சரி, இதை யாரும் எச்சரிக்கவில்லை. கூழாகக் கரைத்துக் கொடுக்கச் சொன்னது உண்மைதான், கேட்காதது நான். மூன்றாம் வாரம் தேங்காய் மட்டையைக் கடித்துப் பிளேட்டைப் பெயர்த்துவிட்டாள். மறுபடி வாளையார் தாண்டி கோவை, மறுபடி மயக்கம். கழற்றவும் ஒருமுறை.

நண்பருக்கு: குட்டிக்கு இன்னும் பால் பல் என்றால் பிளேட் பேச்சே வேண்டாம். குத்துகிற பால் கோரைப்பல்லைப் பிடுங்கிவிடச் சொல்வார்கள். நிலைப்பல் ஐந்தாறு மாத வயதில் முளைக்கும். அதுவும் லேசாகத்தான் சாய்ந்திருந்தால், சரியான அளவு ரப்பர் பந்தைக் கவ்வி விளையாட வைத்தே சிலதைத் திருப்புகிறார்கள். அளவை டாக்டரே சொல்லட்டும், சின்னது தொண்டையில் போய்விடும். அப்புறம், இது பரம்பரையாகவும் வரக்கூடியது. பல் நேரானாலும் அந்தக் குட்டியை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள்.

செல்லிக்கு இப்போது மூன்று வயது. பல் வெளியே வந்து மேல்பற்களின் இடைவெளியில் பூட்டுப்போல உட்கார்ந்ததால் திரும்பச் சாயவே இல்லை. எலும்பைக் கடிக்கிறாள், அண்ணத்துப் பள்ளம் ஆறிவிட்டது. இருந்தாலும் இன்னொரு குட்டிக்கு இப்படி வந்தால் நான் பிளேட் வைக்கமாட்டேன், பல்லையே எடுத்துவிடச் சொல்வேன். நேற்று கன்றுக்குட்டிக்கு மருந்து கொடுக்கச் சிரிஞ்சை எடுத்தேன். செல்லி கட்டிலுக்கு அடியில்.