லியோனில் ஒரு வேளை: பூஷோனா, சந்தையா?

பிரான்சின் லியோன் நகரத்தில் ஒரே ஒரு வேளை சாப்பிடத்தான் நேரம் இருக்கிறது என்றால் எங்கே போவது? பூஷோன் எனப்படும் பழைய பாணி உணவகத்துக்கா, புகழ்பெற்ற சமையல் கலைஞர் போல் பொக்கூஸின் பெயர் தாங்கிய உணவுச் சந்தைக்கா?

என் ஓட்டு பூஷோனுக்கு. நெருக்கமாகப் போட்ட சின்ன மேசைகள், பக்கத்து மேசைக்காரரின் பேச்சு, வயிறு நிறையச் சாப்பாடு. பட்டு நெசவாளர்கள் வாழ்ந்த ஊர் இது. அவர்களின் நினைவு தட்டிலேயே இருக்கிறது. 'செர்வெல் த கனூ' என்றால் நெசவாளியின் மூளை என்று பொருள். பயந்துவிடாதீர்கள், பூண்டும் மூலிகையும் கலந்த இளம் பாலாடைக்கட்டிதான் அது. மாட்டு இரைப்பையை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த 'தப்லியே த சப்பர்' இன்னொன்று. நம் குடல் வறுவலை ரசிப்பவர்களுக்கு இது கட்டாயம் பிடிக்கும். வைன் வருவது 'போ' என்ற தடித்த அடிப்பாகம் கொண்ட புட்டியில். அளவு 46 சென்டிலிட்டர், பெரும்பாலும் பக்கத்து பொழோலே வட்டாரத்துச் சரக்கு.

சந்தை வேறு மாதிரி. பார்-தியூ பகுதியில் 1971-இல் திறந்தது. பொக்கூஸ் பெயர் 2006-இல் வந்தது. கடை கடையாக நடந்து, கொஞ்சம் சேன்-மார்செலின் பாலாடைக்கட்டி, கொஞ்சம் சிப்பி, அப்புறம் சிவப்பு பிராலின் (சர்க்கரை பூசிய பாதாம்) டார்ட் என்று ருசி பார்க்கலாம். விலை கூடுதல்தான். ஆனால் உறுப்பு இறைச்சி ஒத்துவராதவர்களுக்கும், குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் சந்தையே சரி. காலையிலேயே போய்விடுங்கள்.