ஊசி முனை ஈரமானி: அட்டன் வீட்டுப் பின்சுவரில் ஒன்பது வாரம்

மலையை வெட்டிச் சமப்படுத்திய நிலத்தில் கட்டிய வீடுகளுக்கு, மண்மேட்டை ஒட்டி நிற்கும் பின்சுவரே தீராத தலைவலி. கடந்த ஜூன் மாதத் தென்மேல் பருவ மழையில் எங்கள் வீட்டின் பின்புறக் கான் மண் சரிந்து அடைபட்டதால், தண்ணீர் படுக்கையறைக்குள் புகுந்தது. இரண்டு வாரங்களில் சுவர் கைக்கு உலர்ந்ததாகவே பட்டது. வர்ணம் பூச வந்த பாஸும் உடனே தொடங்கலாம் என்றார். அலுமாரியை நகர்த்தியபோது எழுந்த பூஞ்சண வாடைதான் என்னைத் தடுத்தது. மறுநாள் கண்டியில் 4,500 ரூபாவுக்கு, ஈரத்தை அளக்கும் இந்த ஊசி முனை ஈரமானியை வாங்கினேன்.

அதன் நுனியிலுள்ள இரண்டு ஊசிகளையும் பதித்தால், அவற்றுக்கு இடையிலான மின்தடையை அது அளக்கிறது. ஈரம் கூடக் கூடத் தடை குறையும். ஆனால் அதன் அளவுகோல் மரத்துக்கானது. சீமெந்துப் பூச்சில் அது காட்டும் சதவீதம் உண்மையான நீரளவு அன்று என்பதை, உடன் வந்த துண்டுத்தாள் ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம். எனவே ஒருபோதும் நனையாத முன்னறைச் சுவரை முதலில் அளந்தேன்: 12. பிறகு பின்சுவரில் அடிக்கு ஒரு பென்சில் புள்ளி வைத்து அளந்தபோது, மேலே 14, சுவிட்ச் மட்டத்தில் 19, அலுமாரிக்குப் பின்னால் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் 34 எனக் காட்டியது. ஈரப் புள்ளிகளைச் சோக்கினால் இணைத்த கோடு, கான் அடைபட்டிருந்த இடது மூலையை நோக்கி உயர்ந்து சென்றது. இதற்காகவே கொடுத்த பணம் தகும்.

குறைகளும் உண்டு. ஜன்னலுக்குக் கீழே வெள்ளையாக உப்புப் பூத்த இடத்தில், சுவர் காய்ந்த பின்னரும் எண் ஏறியே நின்றது. உப்பும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதே காரணம். அந்த இடத்தில் பொலித்தீன் துண்டொன்றை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விட்டேன். சுவரை நோக்கிய பக்கத்தில் நீர்த்துளி படியாததால்தான் நிம்மதி வந்தது. ஊசிகள் மேற்பூச்சைத் தாண்டிச் செல்லாததால், உள்ளே செங்கல்லின் நிலை தெரியாது. ஒவ்வொரு அளவைக்கும் இரண்டு துளைகள் மிஞ்சுகின்றன; ஊசியில்லாத வகை அந்தச் சேதத்தைத் தவிர்க்கும், விலைதான் கூட.

மரத்தைப் பொறுத்தவரை எண்ணை ஓரளவு நம்பலாம். 20 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சணம் பிடித்து உளுத்துப்போகும் அபாயம் உண்டு. ஆனால் பனிமூட்டம் விலகாத நாட்களில், நனையாத கதவு நிலையே இங்கு 17, 18 காட்டுவதால், தனி அளவை ஒன்றைக் கண்டு பதறத் தேவையில்லை.

கானைத் துப்புரவாக்கிய பின்னர், அதே பென்சில் புள்ளிகளை வாரந்தோறும் அளந்தேன். ஒன்பதாவது வாரத்தில் பெரும்பகுதி 14க்கு இறங்கியதும் பாஸை மீண்டும் அழைத்தேன். இடது மூலை இன்னும் 21இல் நிற்கிறது. அந்த மூன்றடியை மட்டும் வர்ணமின்றி விட்டு, அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறோம்.